வட்டம் எந்த உயரத்தில்?

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றுமதி வேலை பார்க்கிறேன். கப்பல்களின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருப்பதைத் தினமும் பார்ப்பவன். சரக்கு ஏற்றும்போது கப்பல் எதுவரை தாழலாம் என்று காட்டும் அடையாளம் அது. அதற்குப் பெயர் தந்த சாமுவேல் பிளிம்சால் பற்றி அண்மையில்தான் படித்தேன். அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவரே அவர்தானாம். 1875-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கோபப்பட்டுக் கத்தினார், அடுத்த வருடமே சட்டம் வந்துவிட்டது. சபை மரபை மீறி ஓர் உறுப்பினர் அப்படி நடந்துகொண்டது சரிதானா? என் தம்பி சரக்குக் கப்பலில் மாலுமி. அதனால்தான் இந்த மனிதர் மனதை விட்டுப் போகவில்லை.

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி எந்தக் கடலில் இருந்தாலும் நல்லபடியாகக் கரை சேரட்டும். சில வாரங்களாக இதே மனிதரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

சபை மரபைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1875 ஜூலை 22 அன்று கப்பல் மசோதாவைக் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சால் எழுந்து கப்பல் முதலாளிகளை வில்லன்கள் என்றார், முஷ்டியை ஆட்டினார், சபாநாயகர் வெளியே போகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து வந்து மன்னிப்பும் கேட்டார். அதில் தப்பில்லை. கோட்டைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளி அவருக்கு முன்பே இதற்காகப் பேசி வந்தார்.

எனக்குக் கோபம் வந்தது ‘அடுத்த வருடமே சட்டம் வந்துவிட்டது’ என்ற வரியைப் படித்தபோது. தினமும் அந்த வட்டத்தைப் பார்க்கிற நீங்களே இப்படி எழுதலாமா? 1876 சட்டம் என்ன சொன்னது என்று ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா? கப்பலின் இரு பக்கமும் நடுப்பகுதியில் 12 அங்குல விட்டத்தில் ஒரு வட்டம். அதன் மையத்தின் வழியே 18 அங்குல நீளத்துக்கு ஒரு கிடைக்கோடு. கருமையான பரப்பில் வெள்ளை அல்லது மஞ்சள், வெளிர் பரப்பில் கறுப்பு. நிறம் வரைக்கும் சொன்ன சட்டம், வட்டத்தை எந்த உயரத்தில் வரைய வேண்டும் என்று சொல்லவில்லை. அதை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது! ஒருவர் புகைபோக்கியிலேயே வரைந்து வைத்தார் என்று இன்றும் சொல்வார்கள்.

உயரம் ஏன் முக்கியம்? நீர்மட்டத்துக்கு மேலே தளம் வரை நிற்கும் பகுதியை ஃப்ரீபோர்டு என்பார்கள். பார்க்க வெற்று இரும்புச் சுவர்தான், ஆனால் கப்பலின் சேமிப்பு அதுதான். அலை வந்து மோதும்போது அந்தப் பகுதி நீரில் அழுந்தி, அழுந்திய அளவுக்குக் கப்பலைத் தூக்கிவிடும். அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றினால் அந்தச் சேமிப்பு குறைந்துவிடும். கப்பல் எழுவதற்குள் அலை தளத்தின் மேல் ஏறும், கிடங்கு மூடி உடையும், தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீரின் எடையில் கப்பல் இன்னும் தாழும், அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறும். முதலாளிக்கு இன்னும் ஓர் அங்குலம் தாழ்த்தினால் அவ்வளவு கூலி கூடுதல். மூழ்கினால் காப்பீட்டுப் பணம். மாலுமிக்கோ, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபிறகு ‘இந்தக் கப்பலில் ஏற மாட்டேன்’ என்றால் சிறை.

சரியான உயரத்தைச் சொல்வதும் லேசான வேலை இல்லை. கப்பல்களைச் சோதித்துத் தரம் சொல்லும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற அமைப்பு 1835-இல் ஒரு கணக்குச் சொன்னது: கிடங்கின் ஆழம் ஓர் அடிக்கு 3 அங்குலம் ஃப்ரீபோர்டு. 20 அடி ஆழமென்றால் 5 அடி. மரக்கப்பலுக்கு அது சரிப்பட்டது. நீண்ட இரும்பு நீராவிக் கப்பல்கள் வந்ததும் ஆழத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. நீளம், உடலின் பருமன், தளம் முன்னும் பின்னும் எவ்வளவு உயர்ந்து வளைகிறது, தளத்தின் மேல் என்னென்ன கட்டுமானம் இருக்கிறது என்று எல்லாமே கணக்கில் வர வேண்டும். லாயிட்ஸ் ரெஜிஸ்டரின் தலைமை சர்வேயர் மார்ட்டெல் அதற்கு அட்டவணை போட்டார், 1882-இல் வெளியானது. கப்பல் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் தலைமையிலான அரசுக் குழு 1885-இல் அறிக்கை தந்தது. 1890-இல்தான் கோட்டின் உயரத்தைச் சட்டம் தன் கையில் எடுத்தது.

பதினான்கு வருடங்கள், நண்பரே! நீங்கள் சொல்லும் கதையில் அவை இல்லவே இல்லை. அந்த ஆண்டுகளில் பிளிம்சால் எங்கே இருந்தார் தெரியுமா? நிலக்கரி வியாபாரத்தில் நொடித்துப்போய் மீண்டு, 1865-இல் டெர்பியில் நின்று தோற்று, 1868-இல் ஜெயித்தவர். 1880-இல் உள்துறை மந்திரி ஹார்கோர்ட் ஆக்ஸ்ஃபோர்டில் தோற்றபோது தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். மந்திரி கையால் மாலுமிகளுக்கு நல்லது நடக்கும் என்று நம்பினார். 1885-இல் ஷெஃபீல்டில் நின்று தோற்றார். கோட்டுக்கு உயரம் கிடைத்த வருடம் அவர் சபையிலேயே இல்லை. அப்போதும் ஓயவில்லை. மாலுமிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார், கால்நடை ஏற்றும் கப்பல்களின் கொடுமையைப் பற்றி எழுதினார். 1898-இல் ஃபோக்ஸ்டனில் இறந்தார். நீங்கள் கேட்டது அவர் கத்திய அந்த ஒரு மாலையைப் பற்றி மட்டும்.

இப்போது உங்கள் வட்டத்துக்கு வருகிறேன். இன்று அது 300 மில்லிமீட்டர், கோடு 450. அந்த 12-ம் 18-ம்தான் அப்படியே நிற்கின்றன. மையத்திலிருந்து கப்பலின் முன்பக்கமாக 540 மில்லிமீட்டர் தள்ளி ஏணி போலச் சில கோடுகள் இருக்குமே, அவற்றைக் கவனியுங்கள். எஸ் என்பது கோடைக் கோடு, அதன் மேல் விளிம்பு வட்டத்தின் மையத்துக்கு நேராக இருக்கும். அதற்கு மேலே டி, வெப்ப மண்டலக் கோடு. இரண்டுக்கும் நடுவே கோடை மிதவை ஆழத்தில், அதாவது எஸ் வரை ஏற்றினால் கப்பல் நீருக்குள் இருக்கும் ஆழத்தில், 48-இல் ஒரு பங்கு: 9.6 மீட்டர் ஆழமென்றால் 200 மில்லிமீட்டர். குளிர்காலக் கோடு அதே அளவு கீழே. வங்கக்கடலில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரைதான் டி வரைக்கும் ஏற்றலாம். மே மாதம் பிறந்தால் எஸ்தான். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கப்பல் சாய்ந்திருந்தால் இந்தப் பக்கம் கோடு வெளியே தெரியும், அந்தப் பக்கம் மூழ்கியிருக்கும்.

தம்பியின் கப்பல் எப்போதாவது ஹூக்ளி நதியிலிருந்து கிளம்பி, புகைப்படத்தில் கோடு தண்ணீருக்குள் இருப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம். ஆற்று நீர் லேசு, கப்பல் அதில் கூடுதலாகத் தாழும். நன்னீருக்கான சலுகை, அதாவது சுத்த நன்னீரில் கோடு எவ்வளவு உள்ளே போகலாம் என்ற அளவு, 200 மில்லிமீட்டர், அங்கே நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1010 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் நீருக்கு அது 1025, நன்னீருக்கு 1000, வித்தியாசம் 25. 1025-இலிருந்து 1010-ஐக் கழித்து, 25-ஆல் வகுத்து, 200-ஆல் பெருக்கினால் 120. அந்த 120 மில்லிமீட்டர் வரை கோடு உள்ளே இருக்கலாம். கடலுக்கு வந்ததும் தானே மேலே எழும். அதற்கு மேல் மூழ்கியிருந்தால் மட்டும் தம்பியைக் கூப்பிட்டு, நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் என்ன காட்டியது என்று கேளுங்கள்.

அன்புடன்.