பாட்டில் பால் குடிக்கும் ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல், என்ன செய்வது?

தாய் செத்துப்போன பத்து நாள் வெள்ளாட்டுக் குட்டிக்குப் பாட்டிலில் பசும்பால் கொடுக்கிறேன், கழிகிறது, வயிறும் உப்புகிறது என்று உசிலம்பட்டியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் கோளாறு பாலில் இருக்காது, கொடுக்கும் விதத்தில்தான். கத்துகிறதே என்று வயிறு முட்டக் கொடுத்தால் கழியத்தான் செய்யும். 2 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 300 மில்லி போதும். நாலு வேளையாகப் பிரித்து, எப்போதும் ஒரே வெதுவெதுப்பில் கொடுங்கள். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. நிறைய பேர் நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், சீக்கிரம் வேலை முடியுமாம்! குட்டியை மல்லாத்திப் புகட்டவே கூடாது. நிற்க வைத்து, மடியில் முட்டுகிற மாதிரி கழுத்தை நீட்டிக் குடிக்க விடுங்கள். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இப்போதைக்கு ஒரு வேளை, மிஞ்சினால் இரண்டு வேளை பாலை நிறுத்தி, ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அப்புறம் பாலைப் படிப்படியாகக் கூட்டலாம். வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் முதலில் சாக்கில் சுற்றிச் சூடேற்றுங்கள், பிறகுதான் கரைசலோ பாலோ.

கண் குழிவிழுந்தாலோ, கழிச்சலில் ரத்தம் தெரிந்தாலோ, இடது விலா ஓரம் விண்ணென்று உப்பினாலோ காத்திருக்காமல் 1962-க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.