கத்திரி கழிந்து ஆடி பிறக்குமுன்: கொங்குத் தோட்டங்கள் பற்றிய கேள்வி பதில்

அக்னி நட்சத்திரம் மே மாதக் கடைசியில் கழிகிறது. ஆடி பிறப்பதோ ஜூலை நடுவில். இந்த இடைவெளியில் தோட்டத்திலும் வேலியோரத்திலும் காண்பவை குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியையும் காங்கயத்தை அடுத்த தோட்டத்து வீட்டில் வசிப்பவருமான மூத்த உறுப்பினர் அளித்த பதில்கள்.

ஈரோட்டிலிருந்து: டீச்சர், வணக்கம். கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. கோடை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

வணக்கம். வெப்பமானியை விட்டுவிட்டுக் காற்றைக் கவனியுங்கள். கேரளத்தில் ஜூன் முதல் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, நம் பக்கம் புகுந்துவிடுகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு வருவதால், பொள்ளாச்சிக்கும் கோவையின் மேற்குப் பகுதிக்கும் சாரல் கிடைக்கும். காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் காற்று மட்டும்தான் மிஞ்சும். நமக்குரிய பெருமழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

வேப்பங்காய் மஞ்சளாகத் தொடங்குவதும், குயில் விடியுமுன்பே கத்தத் தொடங்கி ஓயாமல் இருப்பதும், கோடை மழை ஒன்று பெய்த கையோடு மொட்டையாய் நின்ற வேலி துளிர்ப்பதும் காற்றோடு சேர்ந்து வரும் அடையாளங்கள். இந்தச் சமயத்தில்தான் நம்மில் பலருக்குத் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கி, காய்ந்த செடிகளைப் பிடுங்கித் தீ வைத்து, ஆடிப்பட்டத்துக்குத் தயாராக வேண்டும் என்ற வேகம் பிறக்கிறது. அந்த வேலையை ஆனிக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வருவது. ஏன் என்பது கீழே வரும் பதில்களில் விளங்கும்.

மூலனூரிலிருந்து: அப்பா காலத்துக் கிளுவை வேலி முழுதும் காய்ந்து கிடக்கிறது. எடுத்துவிட்டுக் கம்பிவேலி போட்டுவிடலாம் என்று மகன் சொல்கிறான். தங்கள் கருத்து என்ன?

முதலில் ஒரு குச்சியை நகத்தால் கீறிப் பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் வேலி உயிரோடுதான் இருக்கிறது. கிளுவை கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்பது அதன் இயல்பு. ஒரு நல்ல மழை பெய்தால் சில நாட்களில் கணுவுக்குக் கணு துளிர் கட்டிவிடும். நடுவில் உண்மையாகவே பட்டுப்போன இடங்களில், பக்கத்துச் செடியிலிருந்தே நீளமான போத்துகளை வெட்டி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கொரங்காடு என்பது கொழுக்கட்டைப் புல்லும், நடுநடுவே வெள்வேல மரங்களும், சுற்றிலும் கிளுவை வேலியும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. காங்கயம் மாடுகள் வளர்ந்ததே அந்த மேய்ச்சலில்தான். வேலியை மட்டும் எடுத்துவிட்டால் மேய்ச்சல் நிலம் எஞ்சும், அதில் குடியிருந்த பலவும் போய்விடும். கௌதாரி இந்த மாதங்களில் வேலியடியில் தரையிலேயே சின்னக் குழியில் புல்லைப் பரப்பி முட்டையிடுகிறது. கூட்டமாகச் சலசலத்துத் திரியும் தவிட்டுக்குருவிகள் முள்ளடர்ந்த உட்பக்கத்தில் கூடு கட்டுகின்றன. அந்தக் கூட்டைத் தேடிக்கொண்டே, தலையில் கொண்டையும் கறுப்பு வெள்ளை உடலுமாகச் சுடலைக்குயில் வேலியோடு வேலியாகப் பறக்கிறது. தன் முட்டையை அது தவிட்டுக்குருவியிடம் தள்ளிவிடும். குயில் காக்கையை ஏமாற்றுவதை அறிந்தவர்கள் பலர். வேலியில் நடக்கும் இந்த இரண்டாவது ஏமாற்றைக் கண்டவர்கள் குறைவு.

கம்பிவேலியில் ஓணான்கூட வெயில் காய முடியுமே தவிர ஒளிய முடியாது. கால்நடை புகாமல் இருக்க வேண்டும் என்பதே மகனின் கவலை என்றால், கிளுவைக்கு உட்புறமாக இரண்டு வரிசைக் கம்பி இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டும் இருக்கட்டும்.

வடவள்ளியிலிருந்து: மே மாதத்தில் கருப்பும் நீலமுமான வண்ணத்துப்பூச்சிகள் நூற்றுக்கணக்கில், எல்லாம் கிழக்கு நோக்கியே பறந்து சென்றன. இது என்ன?

நீங்கள் பார்த்தது வலசை. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலான வண்ணத்துப்பூச்சிகள், மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை வலுக்குமுன் அங்கிருந்து கிளம்பி, கிழக்கே சமவெளிக்கும் சேர்வராயன், கொல்லிமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் வருகின்றன. அடைமழையில் அவற்றால் பறக்கவும் முடியாது, வெயில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளவும் முடியாது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலத்தில் எதிர்த்திசையில் பயணம் நடக்கும். கோவையும் அதன் சுற்றுப்புறமும் இந்த இரு மலைத்தொடர்களுக்கும் இடைவழியில் அமைந்திருப்பதால், மாடியில் நின்றபடியே இரு பயணங்களையும் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

அவற்றைத் தோட்டத்தில் இறங்கச் செய்ய வேண்டுமானால், காய்ந்த கிலுகிலுப்பைச் செடியைப் பிடுங்காதீர்கள். வாய்க்கால் ஓரத்துத் தேள்கொடுக்கும், தழைச்சத்துக்காக விதைக்கும் சணப்பையும் அதே வேலையைச் செய்யும். உலர்ந்த தண்டிலும் காயிலும் ஆண் பூச்சிகள் மொய்த்துக்கொண்டு, காலால் தோலைச் சுரண்டி, உறிஞ்சுகுழலால் ஈரப்படுத்தி உறிஞ்சுவதைக் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். அவை உறிஞ்சுவது தேன் அன்று. அச்செடிகளில் உள்ள கசப்பான காரச்சேர்மங்களைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பெண் பூச்சியைக் கவரும் மணப்பொருளை ஆண் பூச்சி உருவாக்குவது அவற்றிலிருந்துதான். பறவைகள் அவற்றைத் தின்னத் தயங்குவதற்கும் இந்தக் கசப்பு ஒரு காரணம். ஆனியில் நான் காய்ந்த செடிகளுக்காக வாதாடுவதன் பொருள் இப்போது புரிந்திருக்கும்.

பெருந்துறையிலிருந்து: அரளிச் செடியில் கொம்பு கொம்பாக முளைத்த புழுக்கள் இலையைத் தின்கின்றன. மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். உடலில் கறுப்பான நான்கு இணை நீண்ட இழைகள் இருந்தால் அது வெண்புள்ளிக் கருப்பனின் புழு. அரளிக்கு அதனால் பெரிய கேடு எதுவும் இல்லை. தின்ற இலை அடுத்த மழையில் தழைத்துவிடும். சில நாள் பொறுத்து இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியைப் போல மின்னும் கூட்டுப்புழு தொங்கும். பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் உங்கள் சாயலே அதில் தெரியும்.

கோபியிலிருந்து: கிணற்றை ஒட்டிய பனையில் தூக்கணாங்குருவிகள் பாதிக் கூடுகளை அப்படியே விட்டுவிடுகின்றன. யாராவது தொந்தரவு செய்கிறார்களா?

யாரும் செய்யவில்லை. இந்த இனத்தில் கூடு பின்னுவது ஆண். சோகை, சோளத்தட்டு, தென்னங்கீற்று இவற்றின் விளிம்பை அலகால் கொத்தி, பறந்துகொண்டே நீளமான நாராகக் கிழித்து வந்து, கூட்டைப் பாதி அளவுக்குப் பின்னி நிறுத்திவிடும். பிறகு கூட்டின் வாயில் தொங்கியபடி சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து, நாரை இழுத்துப் பார்த்து, பிடித்திருந்தால் தங்கும். அதன் பின்னரே ஆண் நுழைவுக் குழாயை நீட்டி வேலையை முடிக்கும், முடித்த கையோடு அடுத்த கூட்டையும் தொடங்கிவிடும். பெண்ணுக்குப் பிடிக்காமற்போனவைதான் நீங்கள் காணும் பாதிக் கூடுகள். உள்சுவரில் ஈரமண் உருண்டைகளை அப்பியிருப்பதையும் உதிர்ந்து விழுந்த கூட்டில் பார்க்கலாம்.

உங்கள் பனையைச் சுற்றி வந்து, கூடுகள் எந்தப் பக்கம் தொங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கிழக்குப் பக்கமாகவே இருக்கும். மேல்காற்றிலிருந்து மரம் மறைத்துக்கொள்ளும் பக்கம் அது. இளம் பறவைகள் மட்டும் கண்ட பக்கமெல்லாம் கட்டும்.

தாராபுரத்திலிருந்து: முதல் மழைக்குப் பின் மண்ணில் சிவப்பு வெல்வெட் பூச்சிகளைப் பிடித்து என் மகள் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். என்ன உணவு கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்க வேண்டாம். அன்றைக்கே பிடித்த இடத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள். சிலர் தம்பலப்பூச்சி என்பார்கள். கால்களை எண்ணச் சொல்லுங்கள், எட்டு இருக்கும். ஆகவே அது பூச்சி இனத்தைச் சேராது, சிலந்தியின் உறவு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, மழை பெய்து மண் நனைந்ததும் சில மணி நேரம் இரைக்கும் இணைக்கும் மேலே வருகிறது. அந்த நேரம் தீப்பெட்டிக்குள் போய்விட்டால் அதற்கு அடுத்த வாய்ப்பு எளிதில் வராது. நாமெல்லாம் சிறுவயதில் அதைத்தான் செய்தோம் என்பது வேறு விஷயம்.

சத்தியமங்கலத்திலிருந்து: மல்லிகையில் பூ குறைந்துவிட்டது. இப்போதே கவாத்து செய்யலாமா?

கூடாது. குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு. முல்லைக்கு ஜனவரிக் கடைசி. இப்போது காய்ந்த குச்சிகளை மட்டும் ஒடித்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

பல்லடத்திலிருந்து: கோடையில் பறவைகளுக்கு வைத்த தண்ணீர்த் தொட்டியை இனி எடுத்துவிடலாமா? கொசு வரும் என்று பயமாக உள்ளது.

எடுக்காதீர்கள், காற்றுக் காலத்தில் குட்டைகள் வேகமாக வற்றும். இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தொட்டியின் உள்விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையை ஒட்டிவைப்பது அந்த விளிம்பில்தான்; தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அங்கேயே இருக்கும்.

உடுமலையிலிருந்து: காற்றில் கூட்டோடு விழுந்த குஞ்சைத் தொட்டால் தாய் சேர்க்காது என்கிறார்கள். என்ன செய்வது?

அது தவறான நம்பிக்கை. இறகு முளைக்காத குஞ்சானால் கூட்டில் திரும்ப வையுங்கள். கூடு சிதைந்திருந்தால், அடியில் துளையிட்ட சிறு கூடையில் காய்ந்த புல்லிட்டு அதே கிளையில் கட்டிவிட்டு விலகி நில்லுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகும் குஞ்சு விழுந்தது அல்ல, பறக்கப் பழகுகிறது. அதற்கு நீங்கள் செய்யத்தக்க உதவி, பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பதுதான்.

அவினாசியிலிருந்து: ரசிப்பதெல்லாம் சரி, மயில்கள் விதைத்ததையெல்லாம் கிளறித் தின்கின்றன. இதையும் ரசிக்கச் சொல்கிறீர்களா?

சொல்ல மாட்டேன். முளைத்த கடலையை வரிசையாகக் கொத்திக்கொண்டு போன மயிலைப் பார்த்து நிற்பவரிடம் தோகையின் அழகைப் பேசுவது நியாயமாகாது. ஆனால் மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வீட்டுத் தோட்ட அளவில், விதைத்த பாத்திகளை முளை வலுக்கும் வரை வலையாலோ முள்ளாலோ மூடி வைப்பது பலன் தரும். பெரிய விளைநிலத்துக்கு அது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயிர்ச் சேதத்தை வனத்துறையிடம் எழுத்து மூலம் பதிவு செய்யுங்கள்.

திருப்பூரிலிருந்து: பள்ளி திறக்குமுன் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?

உங்கள் ஊரிலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இலேயே சேர்ந்துவிட்டது. வடக்கிலிருந்து வரும் விருந்தாளிப் பறவைகள் இப்போது இருக்க மாட்டார்கள். நீர்க்காகம், கொக்கு, நாரை முதலியவற்றைக் காணக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: சருகைக் கூட்டாதீர்கள் என்கிறீர்கள். ஆனால் சிறு பாம்புக் குட்டிகள் இந்த மாதத்தில்தான் அதிகம் தென்படுகின்றன.

சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். நல்லபாம்பின் முட்டைகள் பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் என்பதால், கோடையில் இட்டவை இப்போது பொரிகின்றன. கண்ணாடி விரியன் முட்டையிடாமல் குட்டி போடும். அதுவும் பெரும்பாலும் ஜூன், ஜூலையில். குட்டிக்கும் பிறந்தது முதலே நஞ்சு உண்டு. ஆகவே வீட்டு வாசல், நடைபாதை, மோட்டார் அறை, குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றை இன்றே சுத்தம் செய்யுங்கள். நான் சொல்லும் சருகு, தோட்டத்தின் கடைக்கோடியில் இருந்தால் போதும். இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கரூரிலிருந்து: வாசலெங்கும் வேப்பம்பழம் கொட்டி ஈ மொய்க்கிறது. இதனால் ஏதேனும் பயன் உண்டா?

உண்டு, ஆனால் உடனே செய்ய வேண்டும். குயிலும் மைனாவும் பகலில் தின்பவை, வௌவால் இரவில் சப்பித் துப்புபவை எல்லாம் சேர்ந்து கொட்டையை நமக்குச் சுத்தம் செய்தே கொடுத்துவிடுகின்றன. கன்று வேண்டுமானால், விழுந்த சில நாட்களிலேயே நட்டுவிடுங்கள். வேப்ப விதையின் முளைப்புத்திறன் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிற்காது. மீதியைக் கழுவி நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வையுங்கள். ஆடியில் விதைத்த அவரையிலும் வெண்டையிலும் பூச்சி விழும்போது, லிட்டருக்கு 50 கிராம் என்ற கணக்கில் பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிதளவு காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் தெளிக்கலாம். பக்கத்தில் அரளி இருந்தால் அதன்மேல் படாமல் தெளியுங்கள்.