நாலு சக்கரமும் தரையில் படுகிறதா?

(அளவு மாதிரிக் கார் கட்டும் வாசகர்களின் கேள்விகளுக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் அச்சுப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நமது பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

1/24 அளவில் ஒரு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டி முடித்து, எங்கள் ஊர் நண்பர்களின் மாதக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் ‘அருமை’ என்றார்கள். எனக்கே அதில் திருப்தியில்லை. குறையை ஏன் யாரும் சொல்வதில்லை?
– வாசகர், சேலம்

நீங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. வண்டியை மேசையில் வைத்துவிட்டு ‘எப்படி இருக்கிறது?’ என்பது, கல்யாண வீட்டுக்காரர் பந்தியில் வந்து சாப்பாடு எப்படி என்று விசாரிப்பதைப் போன்றது. ‘பிரமாதம்’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. இடத்தைக் காட்டிக் கேளுங்கள். ‘பின்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் அச்சுக்கோடு முழுதாகப் போய்விட்டதா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை வாயில் பஜ்ஜியோடு நின்றவர் கூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிவார்.

அச்சுக்கோடு என்று தெரிந்துதான் சொன்னேன். கார் உடலை வார்க்கும் அச்சு கூரை, இரு பக்கம், முன், பின் என்று பல துண்டுகளாகத் திறக்கும். துண்டுகள் சேரும் இடத்தில் மயிரிழை அளவு மேடு விழும். அச்சு தேயத் தேய அது தடிக்கும். நிஜக் காரில் அப்படியொரு கோடு கிடையாது. முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலும் பின்தூணிலும் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குச் சிக்காது. பளபளப்பான பெயின்ட் அடித்ததும் விளக்கொளியில் எழுந்து நிற்கும். எனவே பெயின்டுக்கு முன்பே வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி பார்க்க வேண்டும். நான் எந்த வண்டியைக் கையில் வாங்கினாலும் முதலில் தடவிப் பார்ப்பது அங்கேதான். வருடக்கணக்கில் அச்சு செதுக்கியவனுக்கு விரல் தானாக அங்கே போகிறது.

அடுத்து கதவு இடுக்குகளைப் பாருங்கள். இக்காலக் கார்களில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். 24-ஆல் வகுத்தால் சுமார் 0.2 மி.மீ. அந்த இடத்தில் கன்னங்கரேலென்று தடித்த கோடு ஓடினால், பொம்மைக்கு மை தீட்டியது போலாகிவிடும். வெள்ளை வண்டிக்குச் சாம்பலும், சிவப்பு வண்டிக்குக் கருஞ்சிவப்பும் போதும். இதற்கு நேரெதிர்க் குறையும் உண்டு: பெயின்டை அள்ளி அடித்து இடுக்கையே மூடிவிடுவது. 0.1 மி.மீ. பெயின்ட் படிந்தால், நிஜ அளவில் அது 2.4 மி.மீ. தடிமன். எந்த மெக்கானிக் ஷெட்டிலும் அப்படிப் பட்டி பார்க்க மாட்டார்கள்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் ஒரு சின்னக் கணக்கு. நின்றுகொண்டிருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 160 செ.மீ. உயரத்தில் இருக்கும். 24-ஆல் வகுத்தால் 6.7 செ.மீ. கேமராவை அந்த உயரத்தில் பிடியுங்கள். மேலிருந்து எடுத்தால் பொம்மை. இந்த உயரத்திலிருந்து எடுத்தால் தெருவில் நிற்கும் கார். செல்போனைக் காருக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோகாதீர்கள், பானெட் பூசணிக்காயாக வீங்கித் தெரியும். தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். ஒரு படமாவது, குறை இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் இடத்தை நெருக்கமாகக் காட்டட்டும். நல்ல பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு விமரிசனம் வரவில்லை என்று வருந்துவதில் நியாயமில்லை.

நவம்பரில் ஸ்பிரே டப்பாவால் கறுப்பு லாக்கர் பெயின்ட் அடித்தேன். காயும்போது பால் ஊற்றியது போல் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் ‘கை சரியில்லை’ என்றார் ஒருவர். கையா, டப்பாவா?
– வாசகர், வேளச்சேரி

இரண்டும் இல்லை, நவம்பர் மாதம். லாக்கரிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுதான் அந்த வெண்மை. கொடியில் போட்ட துணி மாலைக்குள் காயாத நாளில் லாக்கர் டப்பாவைத் தொடாதீர்கள். ஏர்பிரஷ் வைத்திருந்தால் மெதுவாக உலரும் ரிடார்டர் கலந்த தின்னர் உதவும். இப்போது வெளுத்திருப்பதைச் சுரண்ட வேண்டாம். நன்றாக வெயில் அடிக்கும் ஒரு நாள் வரை காத்திருந்து, அதே பெயின்டை மிக மெல்லிய ஒரு பூச்சாக அடியுங்கள். அடியில் இருப்பது கொஞ்சம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிவிடும். பல நேரம் அதுவே போதும்.

‘கை சரியில்லை’ என்றவருக்கு ஒரு வார்த்தை. அது விமரிசனம் இல்லை, ஜோசியம். என்ன தெரிகிறது, ஏன் அப்படி ஆனது, எப்படிச் சரிசெய்வது என்று மூன்றையும் சொல்லத் தெரியாவிட்டால், முதலாவதை மட்டுமாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ‘பானெட்டின் இடப்பக்கம் வெளுத்திருக்கிறது’ என்றிருந்தால் அறையில் வேறு யாராவது காரணத்தைச் சொல்லியிருப்பார்கள்.

முன்கண்ணாடி ஒட்டிய மறுநாள் உள்பக்கம் மூடுபனி போல் படர்ந்துவிட்டது. ஏன்?
– வாசகி, திருச்சி

நொடியில் ஒட்டும் பசையின் ஆவி அது. கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் நிறமின்றித் தெளியும், வழிந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம்.

வெளிர்பச்சையில் ஓர் அம்பாசடர் கட்டினேன். ‘இந்தப் பச்சையில் அம்பாசடர் வந்ததே இல்லை’ என்று ஒரு மூத்தவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். மாற்றி அடிக்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

நீங்கள் அட்டையில் என்ன எழுதி வைத்தீர்கள்? ‘தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே’ என்று எழுதியிருந்தால் அவர் கேட்டது நியாயம். ஆதாரம் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. வெறும் ‘அம்பாசடர்’ என்றிருந்தால் அவர் பேச்சுக்கு இடமே இல்லை. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை தயாரான வண்டி அது. எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை ஷெட்டில் நிறம் மாறியிருக்கும்! கூரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக ஓடியவற்றை நானே பார்த்திருக்கிறேன்.

வேலையின் தரத்தைப் பற்றிப் பேசுவது ஒன்று, நிஜத்தோடு ஒப்பிடுவது இன்னொன்று, எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது முற்றிலும் வேறு. மூன்றாவதைக் கேட்டால் ஒழியச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. அமெரிக்காவில் ஏஎம்டி நிறுவனம் 1958-இல் வெளியிட்ட 1/25 கிட்டுகளில், ஒரே பெட்டிக்குள் வண்டியை அசல்படியோ, அலங்கரித்தோ, பந்தய வண்டியாகவோ கட்டுவதற்கான பாகங்கள் இருந்தன. ஆக, ‘இப்படித்தான் கட்ட வேண்டும்’ என்ற சட்டம் இந்தப் பொழுதுபோக்கில் ஆரம்பத்திலேயே இல்லை. உங்கள் பச்சை அப்படியே இருக்கட்டும். அதே மூத்தவர் ‘முன்கிரில் அடுத்த வடிவமான மார்க் 2 போல் இருக்கிறது, அட்டையில் மார்க் 1 என்று போட்டிருக்கிறாயே’ என்று கேட்டால் மட்டும் எழுந்து நின்று காதுகொடுங்கள்.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை அம்பாசடரை அடிப்படையாக வைத்து நல்ல மாதிரி செய்யலாமா? அளவு சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஈரோடு

தாராளமாகச் செய்யலாம். அம்பாசடரின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, 2,464 மி.மீ. 1/24 அளவில் அது 102.7 மி.மீ. உங்கள் பொம்மையில் அதே தூரத்தை அளந்து 2,464-ஐ அதால் வகுங்கள். 80 மி.மீ. வந்தால் பொம்மை 1/31-க்குக் கிட்ட இருக்கிறது. இப்போது நீளத்தைப் பாருங்கள். நிஜ வண்டியின் நீளம் சுமார் 4,325 மி.மீ., ஆகவே பொம்மையின் நீளம் 140 மி.மீ.க்குப் பக்கத்தில் வர வேண்டும். 125-தான் வந்தால், பெட்டிக்குள் அடங்கட்டும் என்று பொம்மைக்காரர் மூக்கையோ வாலையோ வெட்டியிருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்டதைப் பட்டி வைத்துச் சரிசெய்வதைவிட வேறொரு பொம்மை தேடுவது சுலபம்.

மற்ற அளவுகளுக்கு அங்கே இங்கே தேடாதீர்கள். இன்னும் சில தெருக்களில் அம்பாசடர் நிற்கிறது. சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1/12 போர்ஷே 934-ஐ 1976-இல் கொண்டுவருவதற்கு முன், நிஜமான 911 ஒன்றை வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம், பிரிக்கச் சொன்னால் சொந்தக்காரர் விரட்டுவார். கோவைப் பக்கம் போனால் அவினாசி சாலையிலுள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தில் ஒரு பொழுதைச் செலவிடுங்கள். பழைய வண்டிகளில் குரோமிய ஓரப்பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, டயர் வளைவுக்குள் எவ்வளவு இருட்டு இருக்கிறது என்பதெல்லாம் படத்தைவிட நேரில்தான் புரியும்.

என் 12 வயது மகன் முதல் கார் கட்டினான். பெரியவர்கள் ஆளாளுக்குக் குறை சொன்னதில், இப்போது பெட்டியைத் திறக்கவே மறுக்கிறான்.
– ஒரு தாய், நாகர்கோவில்

அம்மா, அடுத்த முறை கூட்டத்துக்குப் போகும் முன் அங்கே ஒரு விதி கேளுங்கள்: சிறுவர் வண்டிக்கு ஒருவர் மட்டும் பேச வேண்டும், ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும், அதைத் திருத்துவது எப்படி என்று அங்கேயே கையில் உப்புத்தாள் கொடுத்துக் காட்ட வேண்டும். ஏழு குறை கேட்ட பையன் எதையும் திருத்த மாட்டான். லாக்கர் ஸ்பிரே இப்போதைக்கு அவனுக்கு வேண்டாம். தண்ணீரில் கழுவும் அக்ரிலிக் பெயின்டும் பிரஷ்ஷும் போதும். கத்தியைப் பிடிக்கும்போது நீங்களோ அவன் அப்பாவோ பக்கத்தில் இருங்கள்.

இவ்வளவு சின்ன வண்டிகளோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் வீட்டில் திட்டுவதில்லையா?
– வாசகர், தூத்துக்குடி

தின்னர் வாடைக்குத் திட்டு உண்டு. மொட்டைமாடிக்குக் குடிபெயர்ந்த பிறகு இல்லை.

எங்கள் குழுவின் மூத்தவர் கட்டிய வண்டியில் ஒரு முன்சக்கரம் தரையைத் தொடவில்லை. எல்லோருக்கும் தெரிகிறது, யாரும் சொல்லவில்லை. நான் சின்னவன். சொல்லலாமா?
– வாசகர், கோவை

சொல்லத்தான் வேண்டும். உலக நாடுகள் பலவற்றில் கிளைகள் கொண்ட, பிளாஸ்டிக் மாதிரி கட்டுவோரின் சங்கமான ஐ.பி.எம்.எஸ். அமைப்பின் போட்டிகளிலும் நடுவர்கள் முதலில் பார்ப்பது இணைப்பும் நேர்த்தியும் போன்ற அடிப்படையைத்தான். எவ்வளவு மின்னினாலும் மூன்று கால் வண்டி அங்கே தேறாது. ஆனால் சபையில் வேண்டாம். டீ இடைவேளையில் தனியாகப் போய், ‘ஐயா, சக்கரங்களை ஒட்டும்போது கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தா ஒட்டினீர்கள்?’ என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் அந்தக் கேள்வியிலேயே புரிந்துகொள்வார். சரிசெய்வதும் பெரிய வேலையில்லை. தொங்கும் சக்கரத்துக்காக அடித்தட்டிலுள்ள ஆக்சில் துளையை ஊசி அரத்தால் கீழ்ப்பக்கமாகச் சற்று நீட்டி, வண்டியைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தி, நான்கும் பதிந்த நிலையில் பசை காயும்வரை விட்டுவிட வேண்டியதுதான்.

அவர் கோபித்துக்கொண்டால் ஒரு மாதம் பேச மாட்டார். அடுத்த கூட்டத்தில் உங்கள் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார், அதற்குள் சைலன்சருக்குப் பெயின்ட் அடித்து வையுங்கள்.