உப்புக் காற்றுக்கு நிற்குமா அந்த மடிக்கணினி?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கணினி விற்பனை நிலையம் நடத்துகிறேன். ஜீப்பிலும் படகிலும் பயன்படுத்துவதற்கான மடிக்கணினிகளுக்குப் படைத்தரப்பு கோரியுள்ள விலைமனுவில் ‘மில்-எஸ்ரிடி-810எச்’, ‘ஐபி65’ ஆகிய இரண்டும் கட்டாயம் எனக் கூறப்பட்டுள்ளது. எங்களிடமுள்ள அலுவலக மடிக்கணினியின் விளம்பரத் தாளிலும் 810எச் சோதனையில் தேறியது என்றே அச்சிட்டிருக்கிறார்கள். விலையும் மிகக் குறைவு. அதையே முன்வைக்கலாமா?

பதில்: முன்வைக்க வேண்டாம். அலுவலக மடிக்கணினிக்கு, தூசியையும் நீரையும் தடுக்கும் ஐபி65 தரம் பெரும்பாலும் இருப்பதில்லை. கட்டாய நிபந்தனை ஒன்று குறைந்தாலே உங்கள் விலைமனு தள்ளுபடியாகிவிடும்.

810எச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2019 ஜனவரியில் வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. வெப்பம், ஈரப்பதம், அதிர்வு, உப்புப் புகார் (உப்பு நீர் மூட்டம்) என ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொண்ட முறை அதில் உண்டு. எவற்றைச் செய்வது என்பதைப் பொருளின் பயன்பாட்டுக்கேற்பத் தெரிவு செய்துகொள்ளலாம். தேறியதாகச் சான்றளிக்கும் அரச அமைப்பு எதுவும் இல்லாததால், இரண்டு மூன்று இலகுவான சோதனைகளை மட்டும் செய்த நிறுவனமும் அதே வாசகத்தை அச்சிட முடிகிறது. விழுத்திப் பார்க்கும் சோதனையில் 122 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து 26 தடவை விழுத்த வேண்டும். ஆனால் அந்த 26 தடவைகளையும் ஐந்து கருவிகளுக்குப் பகிர்ந்துகொள்ள முறையே இடமளிக்கிறது. ஆகவே எத்தனை கருவிகள், இயங்கும் நிலையிலா நிறுத்திய நிலையிலா என்று சோதனை அறிக்கையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

திருகோணமலையில் நான் முதலில் தேடும் எண் 509, அதாவது உப்புப் புகார். ஐந்து வீத உப்புக் கரைசலை 35 பாகை செல்சியஸில் 24 மணித்தியாலம் தெளித்து, அடுத்த 24 மணித்தியாலம் உலரவிட்டு, அச்சுற்றைக் குறைந்தது இரண்டு தடவை செய்வார்கள். ஐபி65 இதற்கு ஈடாகாது: 6 தூசி புகாமையையும் 5 பீய்ச்சப்படும் நீரைத் தாங்குவதையும் குறிக்கின்றனவேயன்றி, துருவைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. வாடைக் காலத்தில் கடற்கரைக் கடைகளின் இரும்புக் கதவுகள் படும் பாட்டை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மின்னேற்றத் துளையின் ஊசிகளும் வாகனத் தாங்கியின் தொடுமுனைகளும் அதே காற்றில்தான் கிடக்கப்போகின்றன. 509இல் தேறியது இத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு உத்தரவாதமல்ல என அம்முறையே தெளிவாகக் கூறுவதால், உதிரிப் பாகங்களுக்கும் பராமரிப்புக்கும் விலையில் இடம் வையுங்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மூடிய ஜீப்புக்குள் ஏறும் வெப்பத்துக்கு 501ஐயும் பாருங்கள்.

படகில் நிற்பவருக்கு அந்தத் திரை அணைந்தால், தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியாமல் போகும். திருத்தித் தரலாம் என்று நாம் சொல்வது அந்த நேரத்தில் அவருக்கு உதவாது. எனவே, விளக்கம் கோருவதற்கான இறுதி நாளுக்கு முன்னரே, 810எச்இன் எந்தெந்த முறைகள் எதிர்பார்க்கப்படுகின்றன என்று பெறுகைப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். உற்பத்தியாளரிடம் முழு அறிக்கையையும் பெற்று, அதிலுள்ள மாதிரி எண் நீங்கள் வழங்கப்போகும் கருவியினுடையதுதானா என ஒப்பிடுங்கள். 509 செய்யப்படவில்லையென்றால், நிபந்தனைகளுக்குப் பொருள் இணங்குகிறதா என நிரப்பிக் கொடுக்கும் இணக்க அட்டவணையில் அதற்குரிய வரியில் ‘இல்லை’ என்றே எழுதுங்கள்.