ஒரே ஆவணம், நாலு கை

கேள்வி: நாலு பேர் ஒரே ஆவணத்தில் சேர்ந்து எழுதும் செயலி செய்ய ஆசை. எர்லாங் மொழியில் எழுதினால் குழப்பமே வராது என்கிறான் நண்பன். நிஜமா சார்?
- கல்லூரி மாணவர், நெல்லை

பதில்: பாதி நிஜம். 1986-ல் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காகத் தொடங்கிய மொழி அது. அதில் ஓடும் ஒவ்வொரு புராசஸுக்கும் (தனியாக ஓடும் சின்ன வேலைக்காரன் என்று வையுங்கள்) தனி நினைவகம், தனி தபால்பெட்டி. ஒருத்தர் இலையில் இன்னொருத்தர் கை வைக்க முடியாது, கடுதாசிதான் போடலாம். ஆவணத்துக்கு ஒரு புராசஸ் வைத்துவிட்டால் நாலு பேர் தட்டுவதும் வரிசையில் வந்து நிற்கும்.

மீதிப் பாதியை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மொத்த வியாபாரிக்கு இருப்புக் கணக்கு எழுதிக் கொடுத்தேன், எர்லாங்கின் தம்பி மொழியான எலிக்ஸிரில். கிடங்கில் 40 மூட்டை. ஒரு பையன் 5 விற்று, மீதி 35 என்று போட்டான். அதே நேரம் இன்னொருவன் 3 விற்று 37 என்று போட்டான். இரண்டும் ஒழுங்காக வரிசையில்தான் வந்தன. பின்னால் வந்த 37 நின்றது. கிடங்கில் இருந்ததோ 32! மொழி மேல் குற்றமில்லை. மீதியை அனுப்பச் சொன்னது என் புத்தி. '5 கழி', '3 கழி' என்று அனுப்ப வைத்ததும் கணக்கு நேரானது. (முதலாளி அதற்கப்புறமும் ஒரு வாரம் நோட்டில்தான் எழுதினார்.)

எழுத்தில் இது இன்னும் வம்பு. 'நாளை கூட்டம்' என்று இருக்கிறது. நீங்கள் 12 குறி தாண்டி, கடைசியில் 'இல்லை' சேர்க்கிறீர்கள். அதற்குள் நண்பர் 'நாளை'யை இடைவெளியோடு அழித்துவிட்டார். 5 குறி போச்சு. உங்கள் 12-ஐ 7 ஆக்கித்தான் போட வேண்டும். 1989-ல் எல்லிஸ், கிப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் காட்டிய வழி இந்த மாதிரிதான். 'நாளை' இரண்டே எழுத்துதானே என்காதீர்கள். கணினி எழுத்துகளை எண்ணாக வைக்கும் யூனிகோடில் துணைக்குறிகளுக்கும் தனிக் கணக்கு, ஆக 4; இடைவெளியோடு 5.

இடக் கணக்கே வேண்டாம், ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத அடையாளம் கொடுப்போம் என்பது இன்னொரு வழி: சி.ஆர்.டி.டி. (CRDT, மோதாமல் சேரும் தரவு வகை). ஆட்டோமெர்ஜ், ஒய்ஜேஎஸ் (Yjs) இரண்டும் அந்த வகை நிரல் நூலகங்கள், ஜாவாஸ்கிரிப்டிலேயே கிடைக்கும். முதல் முயற்சிக்கு ஒய்ஜேஎஸ் போதும். செய்து முடித்ததும் இரண்டு போனில் திறந்து, ஒன்றில் நெட்டை அணைத்துவிட்டு, இரண்டிலும் ஒரே வரியைத் திருத்துங்கள். அப்புறம் நெட்டைப் போட்டு, என்ன வருகிறது என்று எழுதுங்கள்.