மண் மேட்டுக்கு எதற்குச் சட்டக் காவல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தில் டார்செட் பகுதியில் வசிக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, 'மெய்டன் காசில்' என்ற கோட்டையைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். செஞ்சியைப் போல எதையோ எதிர்பார்த்துப் போனால், புல் மூடிய மண் மேடுகளும் மேயும் ஆடுகளும்தான் இருந்தன. இதைக் கோட்டை என்று எப்படிச் சொல்கிறார்கள்? (ஒரு வாசகி, விழுப்புரம்)

பதில்: நீங்கள் ஏறி இறங்கிய மேடுகள்தாம் மதில்கள், நடுவிலிருந்த பள்ளங்கள்தாம் அகழிகள். டார்செஸ்டர் நகருக்குத் தென்மேற்கே இருக்கும் அந்தக் குன்று சுண்ணப்பாறையால் ஆனது. அதை வெட்டி அகழி தோண்டியவர்கள், வெட்டியெடுத்ததையே உள்பக்கம் கொட்டி மதில் எழுப்பினார்கள். இன்று பச்சைப் புல் போர்த்திருக்கும் சரிவுகள், கட்டிய புதிதில் பல மைல் தொலைவுக்கு வெள்ளை வெளேரென்று தெரிந்திருக்க வேண்டும். கி.மு. 600 வாக்கில் குன்றின் கிழக்குப் பகுதியில் சுமார் 6.5 ஹெக்டேர் பரப்பில் தொடங்கிய கோட்டை, கி.மு. 450 வாக்கில் மேற்கே நீட்டப்பட்டு ஏறத்தாழ 19 ஹெக்டேராக வளர்ந்தது. பிறகு மதிலுக்கு வெளியே மதிலாக அடுக்கிக்கொண்டே போனார்கள். வாயில்களுக்குள் நேராக நுழைய முடியாமல் வளைந்து வளைந்து போக நேர்ந்ததைக் கவனித்திருப்பீர்கள். வருகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே நிற்பவரின் கவண்வீச்சுக்குள் வரும்படி அமைத்த ஏற்பாடு அது. கிழக்கு வாயிலருகே கவண்கற்கள் 20,000-க்கும் மேல் குவியலாகக் கிடைத்தன. அவை குன்றில் கிடைக்கும் கற்கள் அல்ல. செசில் கடற்கரையில் அலை உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்களைப் பொறுக்கிச் சுமந்து வந்து சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் போர் மட்டுமே அதன் வேலை என்று எண்ண வேண்டாம். உள்ளே வட்ட வடிவ வீடுகளும், பாறையில் குடைந்த தானியக் குழிகளும் நிறைய இருந்தன. ஒரு கட்டத்தில் அந்த வீடுகள் தெருப்போல வரிசையாகவே அமைந்திருந்தன. கோட்டைக்கு முன்பே, கி.மு. 3600 அளவில், புதிய கற்கால மக்கள் அதே குன்றில் அகழி சூழ்ந்த வளாகம் ஒன்றை அமைத்திருந்தார்கள். அதன்மேல் 546 மீட்டர் நீளத்துக்கு ஒரு நெடிய மண்மேட்டையும் பின்னர் எழுப்பினார்கள். கோட்டை கைவிடப்பட்டுச் சில நூற்றாண்டுகளுக்குப் பின், கி.பி. நான்காம் நூற்றாண்டில், அங்கே ஒரு கோயிலும் எழுந்தது. 2017-இல் வெளியான கணக்கெடுப்பின்படி பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இத்தகைய குன்றுக் கோட்டைகள் 4,147 உள்ளன. அவற்றில் இவ்வளவு நீண்ட வரலாறு ஒரே இடத்தில் அடுக்கடுக்காகக் கிடப்பது அரிது.

கேள்வி: அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர்தான் இதையும் அகழ்ந்தாரா? ரோமானியர் அங்கே பெரும் படுகொலை நடத்தியதாக அவர் நிறுவியது சரிதானா? (ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: அவரேதான். 1934 முதல் 1937 வரை நடந்த அந்த அகழாய்வை அவருடன் சேர்ந்து நடத்தியவர் மனைவி டெஸ்ஸா வீலர். பணி முடியுமுன், 1936-இல், அவர் காலமானார். அவர் பங்கைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுவதால் இங்கே குறிப்பிடுகிறேன். நிலத்தைச் சதுரக் குழிகளாகப் பிரித்து, இடையில் வரப்புப் போல் மண்ணை விட்டுவைத்து, அதன் வெட்டுமுகத்தில் அடுக்குகளைப் படிக்கும் முறையை அவர்கள் அங்கே கையாண்டார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரான பின், 1945-இல் அரிக்கமேட்டிலும் வீலர் அதே முறையில்தான் அகழ்ந்தார்.

படுகொலைக் கதை மட்டும் நிற்கவில்லை. கிழக்கு வாயிலருகே ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் புதைகுழிகள் கிடைத்தன. சிலருடைய மண்டையோடுகளில் வெட்டுக்காயங்கள் இருந்தன, ஒருவரின் முதுகெலும்பில் இரும்பு முனை ஒன்று தைத்தபடியே இருந்தது. கி.பி. 43-இல் படையெடுத்து வந்த ரோமானியத் தளபதி வெஸ்பாசியன் இருபதுக்கும் மேற்பட்ட அரணிட்ட ஊர்களைப் பிடித்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். எந்த ஊரின் பெயரையும் அவர் சொல்லவில்லை. அவற்றுள் ஒன்று இதுவே என்று வீலர் இரண்டையும் இணைத்து, ஒரே நாளில் நடந்த பேரழிவாக விறுவிறுப்பாக எழுதினார். ஆனால் 1985–86-இல் தொல்லியலாளர் நயல் ஷார்ப்பிள்ஸ் மீண்டும் அகழ்ந்தபோதே அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. உடல்களோடு பானைகளும் இறைச்சியும் வைத்து முறைப்படி புதைத்திருக்கிறார்கள். தோற்று ஓடுகிறவர்கள் அவசரமாகப் புதைத்த இடமாக அது தோன்றவில்லை. போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்போ, அந்த மரணங்கள் கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் சில தலைமுறைகளில் பரவி நிகழ்ந்தவை என்று காட்டியது. அப்படியானால் அந்த வன்முறையில் பெரும்பகுதி உள்ளூர்ப் பூசல்களாக இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: அகழ்ந்து முடித்த இடத்துக்கு இன்னும் ஏன் சட்டப் பாதுகாப்பு? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: முடிக்கவே இல்லை. வீலரும் ஷார்ப்பிள்ஸும் தோண்டியது மொத்தப் பரப்பில் சிறு பகுதிதான். அந்தச் சுண்ணப்பாறையில் வீட்டுத் தூண் நின்ற இடம் எப்படித் தெரியும் தெரியுமா? மரம் எப்போதோ மக்கிப்போயிருக்கும். குழியை நிரப்பிய கரிய மண் மட்டும் வெண்பாறை நடுவே ஒரு வட்டமாக நிற்கும். ஒருவர் உலோகங்காட்டும் கருவியோடு வந்து ஒரு காசுக்காக அந்த வட்டத்தைக் கிண்டினால், காசு கிடைக்கும். எந்த வீட்டில், எந்தக் காலத்து அடுக்கில் அது கிடந்தது என்பது போய்விடும். 1979-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி, பட்டியலிட்ட இத்தகைய இடங்களில் அனுமதியின்றி அந்தக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். நிலத்துக்கு உரியவரோ தொல்லியலாளரோ தோண்ட வேண்டுமென்றாலும் அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். விழுப்புரத்து வாசகி பார்த்த ஆடுகளும் இந்தக் காவலின் ஒரு பகுதியே: புல்லை மேய்ந்து, புதர் வேர்விட்டு மதிலைப் பிளக்காமல் பார்த்துக்கொள்கின்றன. சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. மழைக்காலத்தில் சரிவுகள் வழுக்கும் என்பதால் நல்ல காலணியோடு போவது நல்லது.