78 மார்க் வாங்கிய கம்பெனி

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கையில் இருக்கும் மூன்று லட்சம் ரூபாயை ஒரு கம்பெனியின் பங்கில் போடச் சொல்கிறார் எங்கள் தரகர். 'கார்ப்பரேட் கவர்னன்ஸ் ரேட்டிங்கில் நூற்றுக்கு 78 வாங்கியிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்கிறார். இந்த மார்க்கை நம்பலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக நீங்கள் விடைத்தாளுக்கு மார்க் போட்டிருக்க மாட்டீர்கள். கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்பது கம்பெனியை நேர்மையாக, ஒழுங்காக நடத்தும் விதம். அதற்கு மார்க் போடும் இந்த ரேட்டிங்குகள் பெரும்பாலும் கையெழுத்தைத்தான் பார்க்கின்றன.

நான் வங்கியில் ஆய்வுப் பிரிவில் இருந்தவன். ஒரு கிளையில் பெட்டகச் சாவிப் பதிவேடு அவ்வளவு கச்சிதம். தினமும் இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. முழு மதிப்பெண் போட்டுவிட்டு, டீ வரும்வரை பொழுதுபோகாமல் விடுப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அந்த மாதம் தங்கை கல்யாணத்துக்காக ஒன்பது நாள் விடுப்பில் இருந்திருக்கிறார்! அதன் பிறகு எந்தப் பதிவேட்டையும் வேறொரு பதிவேட்டோடு ஒப்பிடாமல் நான் நம்பியதில்லை.

ஹைதராபாத்தின் சத்யம் மென்பொருள் நிறுவனத்துக்கு 2008 செப்டம்பரில், சிறந்த கார்ப்பரேட் கவர்னன்ஸுக்காக 'கோல்டன் பீகாக்' விருது கொடுத்தார்கள். இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் ஒருவர். சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் நிறுவனங்களைச் சத்யம் பணத்தில் வாங்க டிசம்பர் 16 அன்று ஒப்புதல் கொடுத்ததும் இதே குழுதான். முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7 அன்று ராஜுவே எழுதிக் கொடுத்தார்: கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. விருதைப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விருதை நம்பிப் பங்கு வாங்கியவர் யாரிடம் திருப்பிக் கொடுப்பார்?

ஒரு கம்பெனியை வைத்து எல்லா ரேட்டிங்கையும் குறை சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் டெய்ன்ஸ், கோவ், லார்க்கர் மூவரும் அமெரிக்காவில் விற்கப்படும் ரேட்டிங்குகளையே பரீட்சைக்கு உட்கார வைத்தார்கள். கணக்கைத் திருத்தி வெளியிட நேர்ந்தது, பங்குதாரர்கள் வழக்குப் போட்டது, லாபம், பங்கு விலை என்று பின்னால் நடந்தவற்றோடு முன்னால் கொடுத்த மார்க்கை ஒப்பிட்டார்கள். விற்பவர்கள் அடித்துக்கொண்ட தம்பட்டத்துக்கு ஈடாக அந்த மார்க்குகள் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது 2010இல் வெளியான அவர்களின் முடிவு. எனக்குச் சிரிப்பு வந்தது இன்னொரு இடத்தில்: ஒரு பெரிய ரேட்டிங் நிறுவனம் கம்பெனிகளுக்குக் கொடுத்த மார்க்குக்கும், அதே நிறுவனம் பங்குதாரர்களுக்கு 'இப்படி வாக்களியுங்கள்' என்று சொன்ன யோசனைக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லையாம்.

ஆகவே தரகரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மார்க் போட்டவருக்குப் பணம் கொடுத்தது யார், அந்தக் கம்பெனியேவா? இன்னொருவர் போட்ட மார்க் என்ன? இதே நிறுவனம் ஐந்து வருடம் முன்பு உயர்ந்த மார்க் போட்ட கம்பெனிகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன? மூன்றாவதற்கு அவர் பேச்சை மாற்றுவார், பாருங்கள்.

பிறகு விடுப்புப் பதிவேடு. புரமோட்டர்கள், அதாவது கம்பெனியைத் தொடங்கிக் கையில் வைத்திருப்பவர்கள், தங்கள் பங்கில் எவ்வளவு அடமானம் வைத்திருக்கிறார்கள் என்பது பங்குச் சந்தை இணையதளத்தில் இருக்கும். சத்யத்துக்குப் பிறகுதான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இதைக் கட்டாயமாக்கியது. ஆண்டறிக்கையில் உறவுக்கார நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் குறிப்பைத் தேடுங்கள். ஆடிட்டர் பாதியில் விலகியிருந்தால் என்ன காரணம் சொன்னார் என்று படியுங்கள். கையில் ஏராளமான ரொக்கம் என்று காட்டிக்கொண்டே கடனும் வாங்கிக்கொண்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

கம்பெனியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மூன்று வருட ஆண்டறிக்கையைப் புரட்டி முடிக்கும்வரை பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.